முதலாம் விருப்பம்: பல் மருத்துவம்

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 7.40க்குக் கடை திறந்தேன். மேசையைத் துடைத்து, பிரிண்டரில் தாள் நிரப்பி, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். 8.05க்கு முதல் ஆள்: பிறப்புச் சான்றிதழ், மூன்று போட்டோகொப்பி. பிறகு ஒரு பிளேன்டீ.

இதெல்லாம் என் டயரியில் இருக்கிறது. இரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, போட்டோகொப்பி அடித்து ஒன்லைன் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடை வைத்துப் பத்தொன்பது வருடமாகிறது. ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த ஒரு நாளை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

1. பட்டியல்

பல்கலைக்கழக விண்ணப்பக் காலத்தில் எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. மருத்துவத்துக்கென்று நம் நாட்டில் தனி நுழைவுப் பரீட்சை கிடையாது, பள்ளிக்கூடக் கடைசியில் எழுதும் ஏ.எல். தான் அந்தப் பரீட்சை. அதில் வரும் இசட் ஸ்கோர் என்ற புள்ளியையும் மாவட்டத்தையும் வைத்து இடம் கொடுப்பார்கள். படிக்க விரும்பும் துறைகளைப் பிள்ளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி ஒன்லைனில் நிரப்ப வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே வரிசைதான் எல்லாம்.

உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் மருத்துவத்தை முதலில் போடுவார்கள், பல் மருத்துவத்தை அதற்குப் பிறகு. வேறு விதமாக நான் பார்த்ததில்லை. பதற்றத்தில் வரிசை மாறி எழுதிய சில பட்டியல்களைக் கண்டுபிடித்துத் திருத்தியும் இருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

10.20க்கு முருகையா வந்தார். மாத்தளை பஸ்ஸில் கண்டக்டர். கையில் அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாள்.

"அண்ணே, மகளோட பட்டியல். அவ அம்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போயிருக்கா. இதப் போட்டு வைங்க, பஸ்ஸு எடுக்கப் போறாங்க."

தாளைப் பார்த்தேன். முதலாவது பல் மருத்துவம், இரண்டாவது மருத்துவம்.

"முருகையா, போன வருச வெட்டுப்புள்ளியப் பாத்தா ஒங்க மகளுக்கு மெடிசினே கெடைக்கும் போலருக்கே. இது மாறி எழுதிட்டாளா?"

அவர் பஸ்ஸைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. அவசரத்துல எழுதிட்டா. மாத்திப் போட்டுருங்க."

தாளைப் பார்க்காமலே அவர் அதைச் சொன்னார். அதைக் கவனித்தேன், டயரியிலும் குறித்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. மருத்துவத்தை மேலே ஏற்றி, பல் மருத்துவத்தைக் கீழே இறக்கி, சேவ் பண்ணி, மகளின் கையெழுத்துக்காக ஒரு பிரதி அடித்துக் கொடுத்தேன். கடைசி சப்மிட்டை மட்டும் அழுத்தவில்லை. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிய அன்றே அனுப்பமாட்டேன். மறுநாள் காலை சரிபார்த்துத்தான் அனுப்புவேன். விண்ணப்ப முடிவுத் திகதி மறுநாள் புதன்கிழமை.

2. மாலை 4.50

பவித்ரா அந்தப் பிரதியுடன் வந்தாள். கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

"அங்கிள், இதுல முதல் வரி நான் எழுதுனது இல்ல."

"அது மாறிக் கெடந்துச்சு மகள். நான்தான் பாத்துத் திருத்தினேன்." நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாறல அங்கிள். மூணு நாள் யோசிச்சுத்தான் எழுதுனேன். சப்மிட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள். அவளுடைய அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வெற்றிலையும் புகையிலையும் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. எரிகிறது என்று போன இடங்களில் விற்றமின் குளிசை கிடைத்தது. பல் பிடுங்கப் போனபோதுதான் அங்கிருந்த பல் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்து, துண்டெடுத்துப் பரிசோதிக்க அன்றைக்கே பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்பதால் வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றும் போயிருந்தது அதற்கான கிளினிக்குக்குத்தான்.

5.15க்கு முருகையாவின் பஸ் வந்தது. மகளைக் கடையில் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அண்ணன் மேல கோவப்படாத. அவரு கேட்டாரு, நான்தான் ஆமான்னேன்."

"ஏன்ப்பா? வீட்டுல சரின்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். பஸ்ஸுல ஏறுறவங்க எல்லாம் டொக்டரோட அப்பா, டொக்டரோட அப்பாங்குறாங்க. மெடிசின் கெடச்சும் பல்லு புடுங்கப் போனாளான்னு நாளைக்கு அவங்களே கேப்பாங்க."

"கேக்கட்டும். வாயத் தொறந்துதானே கேப்பாங்க? அப்பவே உள்ள பாத்துருவேன்."

முருகையா சிரிக்கக் கூடாது என்றுதான் நின்றார். முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அம்மாவக் காப்பாத்துனதும் டொக்டர்தான்ப்பா," என்றாள் பவித்ரா. "தோட்டத்துல எத்தன பேரு வெத்தல போடுறாங்க. யாரு பாக்குறா?"

அவர் டிக்கட் பையின் வாரைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தார்.

"அவ எழுதுன மாதிரியே போடுங்கண்ணே," என்றார். மகளைப் பார்த்து, "ஆனா மொதல்ல என் கடவாப் பல்லத்தான் நீ புடுங்கணும், சொல்லிட்டேன்."

"அதக் காப்பாத்தப் பாக்குறேன்ப்பா."

மறுநாள் காலை இருவரும் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

3. டயரியில் சேர்த்தது

என்னை ஒரு வார்த்தைகூட அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் முருகையாவின் மேல் பழியைப் போட்டு நான் தப்பித்திருப்பேன். எழுதியவளிடம் கேட்க வேண்டியதை அப்பாவிடம் கேட்டது நான். அதற்குப் பதிலையும் என் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்தேன். பெற்றவர் அல்லவா, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டார்.

அடித்துக் கொடுத்த தாளில் பலரும் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பிள்ளை முதல் வரியிலிருந்து வாசித்தாள். அதற்கு நான் இன்றும் நன்றியாக இருக்கிறேன். அவள் இப்போது பேராதனையில் பல் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறையில் கடைக்கு வந்தால் வாயைத் திறக்கச் சொல்கிறாள். நானும் திறக்கிறேன்.

தாளில் இருப்பது பிழை என்று பட்டால், எழுதியவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அதுவரை என் ஸ்கிரீன் என் பக்கம் மட்டுமே பார்த்திருந்தது. எதிரே உட்காருபவருக்கு அதன் முதுகுதான் தெரியும்.

ஜூன் 12, புதன்கிழமை. 7.35க்குத் திறந்தேன். மேசையைத் துடைப்பதற்கும் முன், முதல் வேலையாக ஸ்கிரீனை எதிர் நாற்காலிப் பக்கம் திருப்பினேன். வயர் எட்டவில்லை. பிரிண்டரை ஒரு சாண் நகர்த்தினேன். பிறகு, அப்பாவோடு வந்த பவித்ராவை உட்காரச் சொல்லி, மவுஸை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.