செயினும் கண்டாங்கியும்

என் பைக்கில் ஏறுவதற்கென்றே மனைவி ஒரு கறுப்புச் சேலை வைத்திருந்தாள். ஒருக்களித்து உட்கார்ந்தால் அவள் கால் தொங்குகிற பக்கம்தான் செயின். செயினுக்கு நான் விடும் கியர் ஆயில், தேவகோட்டை போய்ச் சேர்வதற்குள் சேலைக் கரையெல்லாம் புள்ளி வைத்துவிடும். கிரீஸ் தடவினாலோ செம்மண் அப்பிக்கொண்டு கரகரக்கும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஓசி யோசனை என்றாலே எனக்கு ஆகாது. காய்ந்து மெழுகாய்ப் படிகிற ஸ்பிரே ஒன்றை நானே பார்த்து வாங்கிவந்தேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. டீசலில் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, பின்சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே உட்பக்கமாக ஸ்பிரேயை அடித்தேன். கரகரப்பு சன்னமாகி அடங்கியது. சும்மா ஒரு தள்ளு தள்ளினேன். கம்பிகள் கரைந்து, சக்கரம் வெறும் வெளிச்சமாகச் சுழன்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னுமா சுத்துறீக? காப்பி ஆறிப்போச்சு" என்றாள் மனைவி.

வழிந்த மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

காலையில் கறுப்புச் சேலையோடு வெளியே வந்தவள், குனிந்து செயினை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, தீபாவளிக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த மஞ்சள் கண்டாங்கிச் சேலையைக் கட்டியிருந்தாள்.