இரைச்சல் இல்லாத பெட்டி

"இன்னா ஆளுங்க நீங்க?" என்று கேட்காத வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரைக்கூட ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வரை நான் பார்க்கவில்லை. என் கணவர் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவரின் மகள். இதைச் சொன்ன மறுநிமிஷமே காலியாகக் கிடந்த வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து மருமகன் வருவதாகிவிடும். இல்லையென்றால் நல்ல ஓடு போட்ட கூரை திடீரென்று ஒழுக ஆரம்பித்துவிடும். அலைந்து அலைந்து வெறுத்துப்போய் நான்தான் சொன்னேன்: "இவனுங்க வீட்டை இவனுங்களே கட்டிக்கினு அழட்டும். நமக்கு சக்கரம் வச்ச வீடு போதும்."

அவர் ஜோலார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட வேன் ஒன்று அங்கே துருப்பிடித்து நின்றது. அதை வாங்கி ஓட வைத்தார். உள்ளே படுக்க ஒரு பலகை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீருக்கு ஒரு டிரம். ஜன்னலுக்கு என் பழைய புடவையைக் கிழித்துத் திரை போட்டேன். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் குடித்தனம் அந்த வண்டிக்குள்தான் நடந்தது. பார்க்கிறவர்கள் "அய்யோ பாவம்" என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! வாசலில் நிற்க வைத்துக் குலம் கோத்திரம் விசாரிக்க அங்கே ஒருத்தருக்கும் இடமில்லை.

வண்டி இருந்ததால் வேலையும் வந்தது. குடியாத்தத்தில் ஒரு லுங்கி முதலாளி, சந்தை சந்தையாகப் போய் மைக் வைத்துக் கூவி விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் ஜாதி பார்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேறொன்று பார்த்தார். "மைக்குல என் மச்சான் பேசுவான். நீ உள்ள குந்திக்கினு மடிச்சு மடிச்சு குடும்மா. ஆம்பளை கட்டுற துணிய பொம்பளை கூவினா சந்தையே சிரிக்கும்" என்றார்.

எனக்கு அந்த மைக் வேண்டும். முதலாளி வாயைத் திறந்து அது கிடையாது என்று சொன்னாரே, அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அது வேண்டும். இத்தனை வீட்டு வாசல்களில் வாயை மூடிக்கொண்டு நின்றவளுக்கு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு நாளாவது பேச வேண்டும் என்று இருக்காதா?

முதலில் மைக்குக்குக் கரண்டு வேண்டுமே. ஆம்ப்ளிஃபயர் வீட்டுக் கரண்டுக்குச் செய்த சாமான். வண்டியில் இருப்பதோ பேட்டரி. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. நடுவில் ஒரு பெட்டி வைத்து, பேட்டரிக் கரண்டை வாங்கி வீட்டுக் கரண்டாக மாற்ற வேண்டும். இன்று வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் என்று வைத்திருக்கிறார்களே, அதற்குத் தாத்தா முறை.

வேலூரில் இரண்டு தினுசு கிடைத்தது. ஒன்று பட்டாளத்துச் சாமான் கடையில் இருந்த கன்வெர்ட்டர். பேட்டரியில் ஒரு மோட்டார் சுற்றும், அதே தண்டில் இருக்கிற இன்னொன்று வீட்டுக் கரண்டைக் கொடுக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்னொன்று ரேடியோ கடையில் இருந்த வைப்ரேட்டர் பெட்டி. உள்ளே ஒரு சின்னத் தகடு துடித்துக்கொண்டே இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

பட்டாளத்துச் சாமான் கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரைப் பார்த்து, "இத்த வாங்கிட்டா ஃபேன் போடலாம், இஸ்திரிப் பொட்டி போடலாம், ரேடியோ வைக்கலாம். ஒரு பேஜாரும் கிடையாது" என்று ஆசை காட்டினார்.

"சும்மா சுத்தினாலே பேட்டரிய குடிச்சிடுமே. சந்தை முடிஞ்சா வண்டி எப்படிக் கிளம்பும்?" என்று நான் கேட்டேன்.

"நீ ஏம்மா இதுல தலையிடுற?" என்றார் அவர், அப்போதும் கணவரைப் பார்த்தபடியே.

கணவர் மெக்கானிக். சுற்றுகிற சாமானைக் கண்டால் அவருக்குக் கண் மின்னும். துடிக்கிற தகட்டை நம்ப மாட்டேன் என்றார். வழியெல்லாம் சண்டை போட்டேன். இஸ்திரிப் பெட்டி யாருக்கு வேண்டும், நாம் என்ன கலெக்டரா என்று கேட்டேன். கேட்டாரா? கன்வெர்ட்டர்தான் வண்டியில் ஏறியது.

முதல் சந்தை நாட்றம்பள்ளி. முதலாளியின் மச்சானுக்கு நல்ல கனத்த குரல், மீசையும் அதற்குத் தகுந்த மாதிரி. மைக்கைப் பிடித்து "பொதுமக்களே" என்றார். வண்டி மேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் வந்தது வெறும் "ங்ங்ங்". கன்வெர்ட்டரின் இரைச்சல் கரண்டு வழியாக அப்படியே ஆம்ப்ளிஃபயரில் ஏறி, அவர் குரலை முழுங்கிவிட்டது. அவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். இரைச்சலும் குரலும் ஒரே கனம், எது எது என்று பிரிக்கவே முடியவில்லை.

"இன்னா சார், மாவு மிஷினா ஓட்றீங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். சந்தையே சிரித்தது.

நான் வண்டியிலிருந்து இறங்கி மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். என் குரல் கீச்சுக் குரல். சின்ன வயதில் அதற்காக வாங்காத திட்டில்லை. அன்றைக்கு அந்தக் கீச்சுக் குரல் இரைச்சலுக்கு மேலே ஏறி நின்றது. "குடியாத்தம் லுங்கி, வந்து தொட்டுப் பாருங்க, தொட்டா காசு கேக்க மாட்டோம்" என்றேன். வந்தார்கள், தொட்டார்கள், வாங்கினார்கள்.

சாயங்காலம் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார்: "பொட்டில கோளாறு. கோளாறு சரியாகுற வரைக்கும் நீயே பேசும்மா."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அதற்குப் பிறகு எந்தச் சந்தைக்குப் போனாலும் இதே கதைதான். யாராவது "இன்னா பொம்பளை கூவுது?" என்று கேட்டால், மச்சான் முந்திக்கொண்டு "பொட்டில இரைச்சல் ஜாஸ்தி, அதான்" என்பார். என் தொண்டை கிழியும், பெயர் பெட்டிக்குப் போகும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த பானை மாதிரி என்னை வைத்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் கணவரின் ஆம்பூர்க் கூட்டாளிகள் உதவிக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் எந்தச் சாமானைப் பார்த்தாலும் தோலில் உறை தைத்துவிடுவார்கள். டார்ச் லைட்டுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, குடைக் கைப்பிடிக்கு உறை. கன்வெர்ட்டர் போடுகிற சத்தத்தை அடக்க அதற்கும் ஒரு உறை தைத்துவந்தார்கள். நல்ல தடித் தோல், இரண்டு பக்கிள், தையல் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பெட்டி மூச்சு விட இருந்த ஓட்டையெல்லாம் சுத்தமாக அடைபட்டது. குழாயில் வந்த இரைச்சலோ இம்மியும் குறையவில்லை.

அன்று ஆம்பூர் கடைத்தெருவில் விற்பனை. நான் பேசிக்கொண்டிருந்தபோது கருகல் வாசனை வந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள். ஆம்பூரில் வாசனையை யார் கண்டார்கள்? ஷாப்புப் பக்கமிருந்து காற்று இப்படி வீசுகிறது என்று நாங்கள் நினைத்தோம், அக்கம்பக்கத்தாரும் அப்படியே நினைத்தார்கள். தோல் ஊர்க்காரர்கள் மூக்கு அவ்வளவுதான். வண்டிக்குள்ளிருந்து புகை வந்த பிறகுதான் கணவர் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார். உறை முறுக்கிக்கொண்டு கிடந்தது. கன்வெர்ட்டர் செத்துப்போயிருந்தது.

முதலாளி வருத்தமே படவில்லை. "நல்லதாப் போச்சு. இந்தத் தடவ நானே வாங்கித் தர்றேன். எது வேணுமோ நீங்களே பார்த்து எடுங்க. நல்ல பொட்டியா அமைஞ்சா மச்சான் பேசிக்குவான்" என்றார். மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

திரும்பவும் வேலூர். போகிற வழியில் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மே, யோசனை பண்ணியா? அதே மாதிரி கன்வெர்ட்டர் இன்னொண்ணு அந்தக் கடையில கீது. அத்தயே எடுத்துடலாம். உறை கிறை போட வேணாம். இரைச்சல் இருக்கிற வரைக்கும் மைக் உன்னுது. எவன் கேப்பான்?"

என் மேல் பிரியத்தில்தான் சொன்னார். தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்ப எனக்கு வாய் குடுத்தது அந்த இரும்புப் பொட்டியா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். ஊரெல்லாம் அதையேதான் சொல்றான். நீயும் சொல்றியா? சத்தமே போடாத பொட்டியா எடு. அதுக்கப்புறமும் நான்தான் பேசுவேன்."

"உன் வாயை நீயே கட்டிக்கிற மே. நாளைக்கு மைக் அவன் கைக்குப் போயிடும், பாத்துக்கோ."

"போனா போவட்டும். கோளாறுக்குப் பொறந்தவள்னு பேர் வாங்கிக்கினு ஒரு நாள்கூட பேச மாட்டேன்."

ரேடியோ கடைக்கு ஆம்ப்ளிஃபயரையும் மைக்கையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டே போனோம். தோல் வியாபாரத்தில் தோலைப் புரட்டி உள்பக்கம் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். பெட்டியை மட்டும் ஏன் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்? கடைக்கார பாய் பொறுமைசாலி. வைப்ரேட்டர் பெட்டியை இணைத்து ஓடவிட்டார். நான் குழாய்க்குள் தலையை விடாத குறையாகக் காதை வைத்துக் கேட்டேன். பெட்டிக்குள்ளே ஒரு வண்டு முனகுகிற மாதிரி இருந்தது, குழாயில் ஒன்றுமில்லை. அந்த அமைதியில் யார் பேசினாலும் கேட்குமே. மச்சான் பேசினாலும் கணீரென்று கேட்குமே.

"மைக் செட்டு, சின்ன ரேடியோ, அவ்ளோதாம்மா தாங்கும்" என்றார் பாய். "ஃபேன் கீன்னு மாட்டினீங்கன்னா போயிடும். பேட்டரி செலவு கம்மி. தகடு தேஞ்சா மாத்திக்கணும்."

"இதையே குடுங்க பாய்" என்றேன். நாங்கள் ஊர் திரும்பியதும் உறைக்கு அளவெடுக்க டேப்போடு வந்த கூட்டாளிகளை நானே விரட்டிவிட்டேன்.

அடுத்து வாணியம்பாடி சந்தை. முதலாளி வந்திருந்தார். பெட்டியைப் போட்டுக் கேட்டுவிட்டு, "பேஷ், இப்ப மச்சான் பேசட்டும்" என்றார்.

"பேசட்டும் மொதலாளி. தாராளமா பேசட்டும். அவர் முடிச்சதும் நான் பேசுறேன். கூட்டம் யாருக்கு நிக்குதோ, இனிமே மைக் அவங்களுக்கு."

முதலாளி வியாபாரி. பந்தயம் என்றால் அவருக்குக் கசக்காது. தலையாட்டினார்.

மச்சான் பேசினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் சந்தைக்கு அந்தக் கோடி வரை கேட்டது. ஆம்பளைகள் நின்றார்கள், மீசையைப் பார்த்தார்கள், "நல்லாத்தான் பேசுறான்" என்றார்கள். ஓரிருவர் வாங்கினார்கள். மற்றவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மாட்டுச் சந்தைப் பக்கம் போய்விட்டார்கள். தோற்றால் திரும்ப உள்ளே உட்கார்ந்து மடித்துக் கொடுக்க வேண்டும். இந்த முறை சாக்குச் சொல்ல இரைச்சலும் இல்லை.

மைக்கை வாங்கினேன். ஆம்பளைகளைப் பார்க்கவே இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தக்காளிக் கடை முன்னால் நின்ற பெண்களைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, லுங்கி கட்டுறது அவுரு. துவைக்கிறது யாரு? நீங்கதான? சாயம் இறங்கி அவுரு வெள்ளைச் சட்டைல ஏறிச்சுன்னா யாருக்கு ஏச்சு? உங்களுக்குத்தான? வாங்க. உங்க முந்தானையை நனைச்சு நீங்களே தேச்சுப் பாருங்க. ஒரு சொட்டு சாயம் ஒட்டினாலும் லுங்கி உங்களுக்குச் சும்மா."

ஒரு அம்மாள் நிஜமாகவே வந்தாள். டிரம்மில் முந்தானையை நனைத்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி லுங்கியைத் தேய்த்தாள். முந்தானையைத் தூக்கி வெயிலில் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, "ஒட்டல்லடி, வாங்க" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். கூடையும் குழந்தையுமாக வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மச்சானே உள்ளே ஏறி மடித்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் பல். அந்த வைப்ரேட்டர் பெட்டியைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"சும்மா சொல்லக் கூடாதும்மா, நல்ல பொட்டி. இந்தப் பொட்டி இருக்கவேதான் உன் குரல் இப்படி எடுக்குது!"

போன மாதம் பெட்டி கெட்டது, அதனால் நான் பேசினேன். இந்த மாதம் பெட்டி நல்லது, அதனால் நான் பேசுகிறேன். இந்த மனுஷனை என்ன செய்வது? சுவிட்சை அணைத்தேன். மைக்கை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ற? கூட்டம் போயிடும், போடும்மா, போடு!"

போடவில்லை. வண்டிப் படியில் ஏறி நின்று வெறும் தொண்டையில் கூவினேன். ஒருத்தியும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் காதில் விழவில்லை என்று இன்னும் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தபடி நடுவில் மாட்டிக்கொண்டார். லுங்கி தீர்ந்த பிறகுதான் இறங்கினேன். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கென்ன, முதலாளி அன்றைக்கு மச்சானைப் பேசச் சொல்லவில்லை. வியாபாரத்தையே ஒரு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, எனக்கு மிளகுக் கஷாயம் கொடுத்தனுப்பினார்.