மாடி வீட்டுச் சாவி

எங்கள் மாடி வீடு காலியாக இருந்தபோது, கப்பலூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வாடகை போர்டைப் பார்த்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மதம் பாத்து வீடு மறுக்கக் கூடாதுன்னு நீங்க பத்திரிகைல எழுதுனத வெட்டி வச்சிருக்கேண்ணே" என்றார்.

அரைமணி நேரம் புத்தகங்களைப் பற்றியே பேசினோம். அப்படிப் பேச எங்கள் தெருவில் எனக்கு ஆளே இல்லை. மகிழ்ந்துபோய்ச் சாவியை எடுத்து வந்து, பெயரைக் கேட்டேன்.

"அப்துல் காதர்ண்ணே."

தெருவில் என்ன சொல்வார்களோ என்று பயந்துவிட்டேன். "நேத்தே வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சே தம்பி" என்றேன்.

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"அப்ப போர்டக் கழட்டிருங்கண்ணே. என்னைய மாதிரி இன்னொருத்தரும் ஆசையா வந்துறப் போறாரு."

அன்றே கழற்றினேன். மாடி இன்னும் காலிதான். வேறு யாரையும் குடிவைக்க மனம் வரவில்லை. கேட் சத்தம் கேட்டால், எழுதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.