ஆடிட்டுக்கு வந்த நாய்

காலை ஒன்பது பத்து. பனியன் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்த வேனிலிருந்து முதலில் இறங்கியது ஒரு நாய். பழுப்பு நிறம், கழுத்தில் பச்சைத் துணி. அதன் பின்னால்தான் எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் கார் வந்தது.

அன்று ஆடிட்; தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பும் வசதியும் இருக்கிறதா என்று அவர்கள் வந்து பார்க்கும் நாள். அம்மாவுக்கு அங்கே செக்கிங் வேலை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் தம்பியோடு கம்பெனியின் குழந்தைகள் அறையில் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. ஓரிடத்தில் உட்கார மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டு முறை தையல் மெஷின்களுக்கு நடுவே ஓடியிருந்தான். இன்னொரு முறை ஓடினால் அவனை உள்ளே விடமாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

ஆடிட் நாள் எனக்குப் பண்டிகை. பூட்டி வைத்த பொம்மைகள் வெளியே வரும். கட்டிங் மாஸ்டரின் கையில் இரும்பு வலைக் கையுறை ஏறும். எல்லோர் முகத்திலும் புதுத் துணி மாஸ்க். அந்த முறை நாயும் வந்தது.

தம்பியைப் போன்ற குழந்தைகளோடு இருக்கப் பழக்கிய நாய் என்றார் அதைக் கூட்டிவந்த அக்கா. அது தம்பியின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. அவன் ஒரு கையால் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிண்ணத்திலிருந்த பட்டன்களை வெள்ளை தனியாக, நீலம் தனியாகப் பிரித்தான். நாற்பது நிமிடம். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ படமெடுத்தார்கள். கூப்பிட்டால் வாரம் ஒருமுறை வருவதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு அந்த அக்கா போனார்.

மாலையில் சூப்பர்வைசர் அட்டைப்பெட்டியோடு வந்து மாஸ்க்குகளைத் திரும்ப வாங்கினார்.

“ஏனுங்க சார், வாரத்துக்கு ஒருக்கா அந்த நாய் வந்தாப் போதுமுங்க. எம் பையன் உக்காந்துக்குவானுங்க,” என்றாள் அம்மா.

“அது ஆடிட்டுக்கு வந்துதுங்கக்கா. இனி அடுத்த ஆடிட்டுக்குத்தான். மாஸ்க்கைக் கழட்டுங்க.”

அம்மா கழற்றிக் கொடுத்தாள். பொம்மைகளை அலமாரியில் வைத்துப் பூட்டியதை நானும் பார்த்தேன். ஆனாலும் வேன் நின்ற இடத்துக்கு என்னை இழுத்த தம்பியிடம், “நாளைக்கு வரும் கண்ணு,” என்றேன். நாயும் அந்த அலமாரிச் சாமான்களில் ஒன்றுதான் என்பது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு நாயைத் தேடி அவன் மெஷின்களுக்கு நடுவே ஓடினான். இனி அவனை உள்ளே விட முடியாது என்றார்கள்; மதியத்துக்குள் அம்மாவுக்கு வேலை போனது.

அவன் நாயின் காதைப் பிடித்திருக்கும் படம் கம்பெனி வரவேற்பறையில் இன்றும் மாட்டியிருக்கிறது.