தரைக்குப் போன லில்லி

பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைக் கம்பெனியில் ஃபெர்னான் இஸ்னாருக்குப் பின்கட்டில்தான் இடம். பாரிஸ் கடைகளின் அழகுப் புட்டிகளுக்கு மணம் சேர்ப்பவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் மணம் சேர்க்கிற வேலை அவருடையது.

ரோஜாவைக் காய்ச்சினால் தைலம் இறங்கும். மல்லிகையும் கெஞ்சினால் கொடுத்துவிடும். லில்லி மட்டும் எதற்கும் மசியாது. காய்ச்சினால் வெந்த கீரை வாடைதான் மிஞ்சும். லில்லி வாசனை வேண்டுமென்றால் பூவே இல்லாமல், வேறு பொருள்களைக் கொண்டு கட்டியெழுப்ப வேண்டும். ஃபெர்னானுக்கு அதில் ஒரு வெறி. வேலை நேரம் முடிந்ததும் தனக்கென்று உட்கார்ந்து கலப்பார். கொஞ்சம் கிராம்புக் காரம், மல்லிகைச் சாயல், பச்சைத் தண்டை ஒடித்தால் வருகிற வாடை. மனைவி லியோனி வீட்டுச் சுவரோரம் வெள்ளை லில்லி வளர்த்தாள். ஜூனில் அது பூக்கும்போது கலவையைக் காகிதப் பட்டையில் தொட்டுக் கொண்டுவந்து, அதையும் ஒரு பூவையும் மாற்றி மாற்றி அவள் மூக்கருகே நீட்டுவார்.

"கண்ணை மூடிக்கோ. இப்ப சொல்லு, எது பூ?"

"இரு, இரு... போன வருஷம் டக்குனு சொன்னேன். இப்ப தெரியல, ஃபெர்னான். நெசமாத்தான் சொல்றேன், தெரியல!"

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் வாயைத் திறந்தால் பாட்டாகத்தான் வந்தது.

முதலாளி கூர்ம் அதைப் பாரிசுக்கு எடுத்துப்போனார். சாவு வீட்டு ஞாபகம் வருகிறது என்று அங்கே கடைக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் தரை துடைக்கும் லோஷன் செய்கிற ஒருவர் வாங்கிக்கொண்டார்.

"விலை ஒசந்த சரக்கையெல்லாம் உருவிடுங்க, ஃபெர்னான். பாதி செலவுல முடியணும்" என்றார் கூர்ம்.

உருவினார். கிராம்பும் தண்டும் போய், தலையைப் பிடிக்கிற வெறும் இனிப்பு நின்றது. அது நாடு முழுக்க விற்றது.

"நீஸ் ஸ்டேஷன் கக்கூஸ்ல உன்னைய நெனச்சுக்கிட்டேன். கமகமன்னு இருந்துச்சு!" என்று லியோனி கேலி செய்வாள். அவரும் சிரித்து வைப்பார். சிரித்த பிறகு வேறு பேச்சை எடுப்பார்.

ஐம்பது வயது தாண்டியதும் லியோனிக்கு வயிற்றில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; அங்கே கொடுத்த மருந்து, சாப்பிட்ட எதையும் உள்ளே தங்கவிடவில்லை. காலையில் தாழ்வாரத்தை அவருடைய அந்த லில்லி லோஷனால் துடைக்க வரும்போதே அவள் வாந்தியெடுக்கக் கிண்ணத்தைத் தேடினாள்.

"ஃபெர்னான், அந்த வாடை வந்தாலே கொடலப் புரட்டுது."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உம்மேல கோவம் இல்ல. ஆனா உன் கோட்டுலயும் அதே வாடை, வெளிய கழட்டி வெச்சிட்டு வா. தலைக்குக் குளிச்சிட்டு வா."

குளித்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக்கொண்டார். சட்டையை அலமாரியிலிருந்து புதிதாக எடுத்தார். ஆனாலும் அவர் கட்டிலை நெருங்கினால் அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். வேண்டுமென்று திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அறையின் அந்த மூலையிலிருந்தே அவளோடு பேசினார். அவள் கையைப் பிடிக்க முடியவில்லை.

துடைக்க வருகிற போர்த்துகீசியப் பெண் இடலினாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"நான் என்னங்க பண்றது? வாளியில ஊத்தச் சொன்னதத்தான் ஊத்துறேன்" என்றாள் அவள். பிறகு மேஸ்திரி பார்க்காத நேரத்தில் அந்த அறையை மட்டும் வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டுப் போனாள். தாழ்வாரத்திலிருந்து கதவிடுக்கு வழியாக அது வந்துகொண்டுதான் இருந்தது.

முதலாளியிடமும் போனார். "முசியே, அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாசனை இல்லாம ஒண்ணு அனுப்பச் சொல்ல முடியுமா?"

கூர்ம் கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நம்ம கைய விட்டுப் போயிடுச்சு, ஃபெர்னான். நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க லீவு எடுத்துக்குங்க, எத்தனை நாள் வேணும்னாலும்."

மே மாதக் கடைசியில் லியோனி போய்ச் சேர்ந்தாள். முந்தின நாள் நினைவு தப்பிய பிறகுதான் அவரால் கட்டிலருகே உட்கார முடிந்தது. அடக்கத்துக்கு அவள் தங்கை ஒதெத், பூக்காரனிடம் சொல்லி மாதா கோயில் முழுக்க லில்லி வைக்கச் செய்திருந்தாள். பூசையின் நடுவே பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"என்ன இது, ஆஸ்பத்திரி தாழ்வாரம் மாதிரி அடிக்குது?"

ஃபெர்னான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கும் அப்படித்தான் அடித்தது.

அந்தக் கோடையிலேயே லோஷன்காரர் வாசனை இன்னும் தூக்கலாக வேண்டுமென்று கேட்டனுப்பினார். வேறு ஆளிடம் கொடுப்பதாகக் கூர்ம் சொன்னார். "வேண்டாம், நானே பண்றேன்" என்றார் ஃபெர்னான். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிடிபடவில்லை. வேறொருவன் செய்தால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒதெத் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்: "அத்தான், அந்த வேலைய விட்டுத் தொலைங்களேன்."

"விட்டுட்டு?"

அவள் சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். பாதி குடித்தார், மீதியை ஆறவிட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் காலையில் வழக்கம்போல் பின்கட்டுக் கதவைத் திறந்து தராசைத் துடைத்து வைத்தார்.