நர்சுமாரைக் கப்பலேற்றிய டைப்ரைட்டர்

பாஸ்போர்ட் அப்ளிகேஷன் அடித்துக் கொடுக்கிறவன் ஊரையெல்லாம் கப்பலேற்றுவான். அவன் மட்டும் தக்கலை பஸ் ஸ்டாண்டைத் தாண்டமாட்டான். அடுத்தவர் பாரத்தை நிரப்பிக் கொடுத்து, அதிலுள்ள தப்புக்கெல்லாம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்ட என் இனத்தாரே, நீங்களே சொல்லுங்கள், உண்டா இல்லையா?

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. தாலுகா ஆபீசுக்கு எதிரே சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையில் நான், ஒரு மேசை, ஒரு பழைய டைப்ரைட்டர். மலேயாவில் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு வேண்டும் என்று கடிதம் வரும். நம் பிள்ளைகள் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். முதலில் பாஸ்போர்ட், பிறகு விசா, பிறகு நாகப்பட்டினத்தில் கப்பல். இந்த மூன்றுக்கும் நடுவில் நான் பட்ட பாடு இருக்கிறதே!

ஒரு தலை போதும்

அருமனையிலிருந்து வரும் ஒரு நர்சுப் பெண்ணிடம், வரும்போது போட்டோ கொண்டுவா என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கொண்டுவந்தாள். அதில் பதினோரு பேர். நடுவில் அப்பா நாற்காலியில், பக்கத்தில் அம்மா, பின்னால் மாமன்மார் வரிசை, ஓரத்தில் ஒரு கன்றுக்குட்டியின் மூக்கு. போகிறவள் எங்கே என்று தேடினால், அத்தையின் தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு தலை போதும்னு அச்சடிச்சே போட்டிருக்கு, இங்க ஒரு கல்யாண வீடே இருக்கே!" என்று கத்தினேன். அவளுடைய அப்பா அசரவே இல்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "சாறே, தனியாட்டு ஒரு தலைய அனுப்பினா, கேக்க ஆளில்லாத பிள்ளைன்னு அங்க உள்ளவன் நினைக்கமாட்டானா?"

கழுத்து மறு

பாரத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற ஒருவரின் மகள், "கழுத்தில் ஒரு மறு" என்று சொன்னாள். நானும் அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் அம்மா, பூக்கூடையைக்கூட இறக்கி வைக்காமல், நேரே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உடனே அதை அழிக்க வேண்டுமாம். அடையாளம் இல்லாமல் பாஸ்போர்ட் வராது என்று நானும் நயமாகச் சொன்னேன், பயமாகவும் சொன்னேன். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மறு இருந்தா இருக்கட்டும் அண்ணாச்சி, அத சர்க்கார் காகிதத்துல ஏத்திட்டா, நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன் அதையும்லா வாசிப்பான்?"

பிறக்காத பிள்ளை

இனிச் சொல்லப்போவது பொன்னம்மையின் கதை.

பொன்னம்மை தக்கலைக்கு மேற்கே பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை. தாய் இல்லை. அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, கம்பு ஊன்றித்தான் நடப்பார். கீழே இரண்டு தங்கச்சிகள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்பு முடித்தவளுக்கு மலேயாவிலிருந்து வேலை வந்தது. பொங்கலுக்குள் கப்பலேற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவளுக்கு என்று கடிதத்திலேயே கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிய அந்த ஒரு கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை.

நன்னடத்தை விசாரிக்க ஏட்டு ஒருவர் சைக்கிளில் போனார். பொன்னம்மை ஆஸ்பத்திரியில். அப்பா வைத்தியரிடம். வீடு பூட்டிக் கிடந்தது. "பொன்னம்மைன்னு ஒரு பொண்ணு இங்க உண்டா?" என்று எதிர்வீட்டுச் செல்லத்தாயியிடம் கேட்டிருக்கிறார். காக்கிச் சட்டையைக் கண்ட செல்லத்தாயி, பிள்ளைக்கு என்னவோ ஆபத்து என்று நினைத்து, "அப்படி ஒருத்தி இங்க இல்லவே இல்லையே!" என்று ஒரே அடியாகச் சாதித்துவிட்டாள். பக்கத்து வீட்டிலும் இல்லை. கிணற்றடியில் நின்ற நாலு பேரும் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. கடைக்காரர் ஒரு படி மேலே போய், அந்த வீட்டில் பொம்பிளைப் பிள்ளையே கிடையாது என்று சூடம் அணைக்கத் தயாராகிவிட்டார். அப்படி ஒரு ஒற்றுமையை அந்த ஊர் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மனுதாரர் என்று ஒருவர் இல்லை என ரிப்போர்ட் போயிற்று.

நான் ஓடினேன். ஸ்டேஷனில் கை கூப்பினேன். இந்த விசாரணை நல்லதுக்குத்தான் என்று ஊரில் வீடு வீடாகச் சொல்லிவிட்டும் வந்தேன். ஏட்டு இரண்டாம் தடவை போனபோது செல்லத்தாயி மோர் கொடுத்து உட்காரவைத்தாளாம். பொன்னம்மை எறும்பை மிதிக்கமாட்டாள், கோழியைக்கூட ஏசமாட்டாள் என்று ஊரே கூடி நின்று சாட்சி சொல்லியிருக்கிறது. திரும்பிப் போகிற வழியில் ஏட்டு என் அறை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "போன வாரம் பிறக்கவே இல்லங்கியாவ, இந்த வாரம் தெய்வம்ங்கியாவ. நான் எதைய்யா எழுத?"

எண்ணூற்றி இருபத்தைந்து

அதோடு தீர்ந்ததா? மார்கழியில் அப்ளிகேஷன் திரும்பி வந்தது. இருபத்தொரு வயது நிறையவில்லை, அனுமதிக்க முடியாது என்று சிவப்பு மையில் ஒரு வரி. நான் திருவனந்தபுரம் இருக்கிற திசையைப் பார்த்து ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பொன்னம்மையின் அப்பா கம்பை மேசையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, எனக்குப் படிப்பு கிடையாது. பிள்ளை பிறந்தது ஆயிரத்து நூற்றேழு கார்த்திகை. இப்போ ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு மார்கழி. இருபத்தொண்ணு முடிஞ்சாச்சே?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் எல்லாருக்கும் பிறப்பு கொல்லம் ஆண்டில்தானே! பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டிலும் அதுதான். அதை நான் இங்கிலீஷ் வருஷமாக மாற்ற எண்ணூற்றி இருபத்தைந்தைக் கூட்டுவேன். தையிலிருந்து ஆடி வரை பிறந்தவர்களுக்கு அது சரி. ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணிக்கும் மார்கழிப் பாதிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு எண்ணூற்றி இருபத்துநாலுதான் கூட்ட வேண்டும். நானோ எந்த மாசமானாலும் இருபத்தைந்து! முன்னால் போன நர்சுமாரில் பாதிப் பேர் மலேயாவில் ஒரு வயது இளமையாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது திருத்தச் சொல்லி எழுதினாளா? மூச்! இவள் ஒருத்திக்குத்தான் அந்த ஒரு வயது உயிர்நிலையில் விழுந்துவிட்டது. தப்பு ஆபீசின் தப்பு அல்ல, முழுக்க என் தப்பு. அந்த மனுஷர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருவனந்தபுரம் போனேன். வயதான ஒரு கிளார்க். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரும் எண்ணூற்றி இருபத்தைந்தைத்தான் கூட்டினார்! "கார்த்திகைக்கு இருபத்துநாலு சார்" என்றேன். இல்லவே இல்லை என்றார். பஞ்சாங்கத்தை வரவழைத்து, விரல் விட்டு எண்ணி, பக்கத்து மேசைக்காரர்களையும் கூட்டி வைத்து ஒரு வழக்கே நடத்தினோம். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். தம் பிறந்த வருஷத்தை முணுமுணுத்தார், விரலை மடக்கினார், முகம் வெளுத்துப் போயிற்று.

அவரும் கார்த்திகையில் பிறந்தவர். சர்வீஸ் புத்தகத்தில் எவனோ என்னைப் போல ஒருவன் இருபத்தைந்தைக் கூட்டியிருக்கிறான். சரியான கணக்குப்படி அவர் போன மாசமே ரிட்டயராகி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்!

சுற்றுமுற்றும் பார்த்தார். மளமளவென்று திருத்தி எழுதி, மேலதிகாரி அறைக்குத் தாமே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். என் கையில் கொடுக்கும்போது காதருகே குனிந்தார். "சாறே, அவளுக்கு இருபத்துநாலு. எனக்கு இருபத்தஞ்சே கிடக்கட்டும், கேட்டோ?"

பஸ் ஸ்டாண்டில்

விசாவும் வந்தது. பொங்கலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில் பொன்னம்மை தகரப் பெட்டியோடு தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அவளைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்த ஊர் மொத்தமும் வழியனுப்ப வந்திருந்தது. அந்தப் பக்கமாக ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கியதுதான் தாமதம், செல்லத்தாயி பழக்கதோஷத்தில் பொன்னம்மையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்தாள். ஏட்டே சிரித்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. மகளின் தலையில் கை வைத்தார். "போயிட்டு வா மக்கா" என்று சொல்ல வந்தவருக்கு "போயிட்டு" வரைக்கும்தான் குரல் வந்தது. நான் பஸ்ஸின் டயரை ஆராய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதிலென்ன வெட்கம்?

பஸ் புறப்படும்போது பொன்னம்மை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, வயசு முப்பத்தொன்பது முப்பத்தொன்பதுன்னு சொல்லிட்டு நடக்கியளே, நீங்க எந்த மாசம்?"

நான் ஐப்பசி. என் வயதுக்கும் அதே இருபத்தைந்தைத்தான் கூட்டி வைத்திருந்தேன். ஆக, இத்தனை நர்சுமாரைக் கப்பலேற்றி இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது, அந்த பஸ் ஸ்டாண்டில் நின்ற நிற்பிலேயே கூடிப்போன ஒரு வயது!