இடது சக்கரமும் ஒரு தர்பூசணியும்

தைப்பிங் ஏரிச் சாலையில் கார் ஐம்பதைத் தொட்டதும் மொக்தார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். எதிரே வருகிறவர்கள் தங்களைத்தான் பார்க்கிறார் என்று கையசைப்பார்கள். அவர் யாரையும் பார்ப்பதில்லை. சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"கேக்குதா தம்பி? அம்பதுல ஈ சத்தம். எண்பதுல ஏரோப்ளேன். பேரிங் தேஞ்சுபோச்சு."

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மொக்தார் தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். காரை மட்டும் எந்தப் பட்டறைக்கும் அனுப்பமாட்டார். "என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இவளை அனுப்பாதே" என்பார். 'இவள்' என்பது கார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பேரனுக்கு முடியிறக்கும் சடங்கு. சனிக்கிழமை காலையிலேயே அவர் மனைவி கம்சியா பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

"மூணு மணிக்குள்ள சத்தம் நிக்கலேன்னா நான் பஸ்ல போறேன், அபாங்." கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நிக்கும். இடப்பக்கம் வளைச்சா சத்தம் கூடுது. அப்ப இடது சக்கரம்தான்."

"இடப்பக்கம் வளைச்சா பாரம் வலப்பக்கம்தானே சாயும்? சந்தையிலேருந்து வர்றப்ப தர்பூசணி எந்தப் பக்கம் உருளுது?"

"காருக்கும் தர்பூசணிக்கும் என்ன சம்பந்தம்? சத்தம் நீ உக்கார்ற பக்கத்துலேருந்துதான் வருது."

"என் பக்கம் எப்பவும் அமைதி. பேச்செல்லாம் உங்க பக்கம்தான்."

மொக்தார் இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். புதுப் பேரிங் முந்தின நாளே குளிர்பெட்டிக்குள் போயிருந்தது. குளிர்ந்தால் சுருங்குமாம், உள்ளே நுழைவது சுலபமாம். மீன் பொரிக்கப் பொட்டலத்தைப் பிரித்த கம்சியா, "கெம்போங் மீனுக்கு நடுவுல இரும்பு வளையம்! இதுக்கு மசாலா தடவணுமா?" என்று கத்தினார்.

பழைய பேரிங் வர மறுத்தது. சுத்தியல் அடியில் தெருக்கோழிகள் இடம் மாறின. நான்காவது அடி கட்டைவிரலில் விழுந்தது. மொக்தார் ஒரு முழு நிமிடம் மூச்சுவிடாமல் வானத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி அடித்தார். பன்னிரண்டு மணிக்கு அது 'டங்' என்று விழுந்தது. எடுத்துச் சுழற்றினோம். வழவழவென்று, சத்தமே இல்லாமல் சுற்றியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நடிக்குது" என்றார் மொக்தார்.

இரண்டரைக்குப் புதியதை அடித்து ஏற்றி, சக்கரத்தை முடுக்கி, மூவரும் கிளம்பினோம். முப்பதில் அமைதி. நாற்பதில் மொக்தார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஐம்பதில் ஈ வந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். மொக்தார் இறங்கி, வாசலிலிருந்த பையைப் பார்த்தார். மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். கம்சியா பையைத் தூக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கடையில இன்னொரு பேரிங் எடுத்து வைக்கச் சொல்லிக் காலையிலயே போன் பண்ணிட்டேன். மோட்டார் சைக்கிள்ல ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுறியா? பஸ்ஸுல எனக்கு வாந்தி வரும்."

நான் திரும்பியபோது வலது சக்கரம் கழன்று கிடந்தது. பேரிங்கை வாங்கிய மொக்தார், தன் தலையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்குத் தொப்பியைக் கழற்றி, கம்சியாவின் முக்காட்டின் மேல் நேராக வைத்தார். பிறகு, மண்டியிட்டு, கையை நீட்டி, கம்சியா எந்த ஸ்பானரைத் தருவார் என்று காத்திருந்தார்.